பள்ளி ஸ்பீக்கரில் போன பாட்டு

முதலில் அது தன்னுடைய குரல் என்று ஹிமாயாவுக்கு விளங்கவில்லை.

குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் ஒரு வயரில்லாத மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். வெறும் மைக்தான். அது பேசுவதற்கு ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. சனிக்கிழமை கல்முனையில் இசைப் போட்டி விழா. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வேலைவெட்டிக்கு இடையில் பாடிப் பழகியவர்களும் மேடையேறுகிற போட்டி. ஹிமாயா தன் வாழ்நாளில் மைக் பிடித்தவளில்லை. அதன் பாரம் கைக்குப் பழகட்டும், வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பதென்று தெரியட்டும் என்றுதான் இரவல் வாங்கி வைத்திருந்தாள். பிடியில் ஒரு பொத்தான். தள்ளிப் பார்த்தாள். பச்சை லைட் பற்றியது. வடிவாக இருந்தது, விட்டுவிட்டாள்.

"வாய்க்கால் திறந்தாச்சு, வரம்பெல்லாம் நனைஞ்சாச்சு" என்று முதலடியைப் பாடி, அடுத்த அடியில் ஏறி இழுக்கும்போது, வெளியே எவளோ ஒருத்தி அதே பாட்டை அதே இடத்தில் இழுப்பது கேட்டது. ஹிமாயாவுக்கு எரிச்சல் வந்தது. போட்டிக்குக் கொடுத்த கட்டாயப் பாட்டு அது, எல்லாரும் பழகுகிறார்கள், சரி. அதற்காக இப்படியா ஊர் கேட்கப் பாடுவது?

காகங்கள் கலைந்து பறந்தன. அடுத்த வளவில் ஒரு பொம்பிளை கத்தினாள்: "அல்லாஹ்வே, இதாரு கா பள்ளிக்குள்ள பாடுற?"

ஹிமாயா வாயை மூடினாள். வானமும் வாயை மூடியது.

பயத்தில் மூச்சை இழுத்தாள். பள்ளிவாசல் மேலிருந்த நான்கு ஸ்பீக்கர்களும் மூச்சை இழுத்தன.

பொத்தானைத் திரும்பத் தள்ளி அணைத்து, மைக்கைப் பாயில் எறிந்துவிட்டு, அது ஏதோ கடிக்கிற சாமான் மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல். அவர்கள் இருந்த வீடே பள்ளியின் வீடுதான். அவளுடைய வாப்பா முகம்மது தம்பி அந்தப் பள்ளியின் மோதினார். அஞ்சு நேரமும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிறவர். ஊரில் ஒரு சாவு, ஒரு மௌத்து விழுந்தால் அறிவிக்கிறவர். மையத்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறவர். சம்பளத்தோடு இந்த இரண்டறை வீடும் பள்ளி கொடுத்தது. மோதினார் வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதில் ஒரு மௌத்துச் செய்தி வந்தது. வாப்பா மைக்கில் அறிவித்துவிட்டு, அவசரத்தில் அம்ப்ளிபயரை நிற்பாட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். மற்றதை ஹிமாயாவின் மைக் செய்தது.

உம்மா சுபைறா கிணற்றடியிலிருந்து வந்தாள். கை முழுக்கச் சவர்க்கார நுரை. பாயில் கிடந்த மைக்கைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஏசவில்லை, அடிக்கவில்லை. அதுதான் ஹிமாயாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. உம்மா நுரைக் கையோடு மைக்கைத் தூக்கி, அரிசிப் பீப்பாவுக்குள் அமத்தி, மேலே அரிசியை வாரி மூடினாள்.

"வாப்பாக்குச் சொல்லாத," என்றாள்.

"உம்மா, நான் வேணுமெண்டு..."

"வாய மூடு மகள். இந்தச் செவருக்கும் காது. இப்ப வாயும் வந்திட்டு."

ஹிமாயா அந்தக் குடும்பத்தில் கம்பசுக்குப் போன முதல் ஆள். அவளுடைய பட்டத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார்கள். ஆணி அறைந்ததும் பள்ளியின் சுவரில்தான். வேலை இன்னும் வரவில்லை. ஊருக்குள் யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டுமென்றால், கடிதம் எழுத வேண்டுமென்றால், "மோதினார்ர மகள் படிச்ச புள்ள" என்று வருவார்கள். அதே படித்த பிள்ளை வாயைத் திறந்து ஒரு பாட்டுப் பாடினால் கியாமத்து நாள் வந்து உலகமே முடிந்துவிடும். கம்பஸ் விடுதியில் குளிக்கும்போது பாடுவாள். பக்கத்து அறை றுக்ஸானா கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். அதே றுக்ஸானாதான் இப்போது விழாக் குழுவில் இருந்துகொண்டு இவளைப் பதிந்துவிட்டவள். "பேர் இல்ல கா, நம்பர் மட்டும்தான். நீ ஒன்பது. பொம்புளப் புள்ளையளுக்குத் திரையும் கட்டுறம். உங்கட பள்ளிய நடத்துற மரைக்கார்மார்தான் கட்டச் சொன்ன. ஆர் பாடுறதெண்டு ஒரு குஞ்சுக்கும் தெரியா."

ஒரு குஞ்சுக்கும் தெரியா. இப்போது ஊருக்கே கேட்டுவிட்டது.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியபிறகு அவர்கள் வந்தார்கள். பள்ளித் தலைவர் மக்கீன் ஹாஜியார், செயலாளர் முர்ஷித், பின்னால் இரண்டு மரைக்கார்மார். முன்னறையில் நாலு கதிரை போட்டாலே மூச்சு முட்டும். ஹிமாயா நடுக்கதவுச் சீலைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். கோப்பைகள் தட்டில் கிடந்து ஒன்றோடொன்று கடகடத்தன. உம்மா அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மோதினார், உங்கள்ள ஒரு குறையும் சொல்ல வரல்ல," என்றார் மக்கீன் ஹாஜியார். குறை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். "ஆனா அம்ப்ளிபயர நிப்பாட்டாமப் போன ஆர்?"

"நான்தான் ஹாஜியார். பிழைதான்."

"பிழையெண்டு சொன்னா முடிஞ்சிதா?" என்றான் முர்ஷித். அவனுக்கு முப்பது வயது இருக்கும். கட்டாரில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டிருக்கிறான். "அல்லாஹ்ட பள்ளியில ஒருத்தி பாட்டுப் படிச்சிரிக்கா. இஞ்ச பாருங்க, ஆரோ போன்ல பதிஞ்சி குறூப்புக்கெல்லாம் போட்டிரிக்கான். டுபாயில இருந்து என்ட மச்சான் கேக்கான், உங்கட பள்ளியில இப்ப ரேடியோவும் போடுறயளாமே எண்டு."

பின்னால் இருந்த மரைக்கார் ஒருவர் சிரிக்கப் பார்த்து, இருமிச் சமாளித்தார்.

"அது புளூடூத்தால செஞ்ச வேல," என்றான் முர்ஷித்.

"புளூடூத்தெண்டா என்ன தம்பி?" என்றார் வாப்பா.

"அது உங்களுக்கு விளங்காது. பாடினவள் ஆரெண்டு கண்டு புடிச்சா, ஆர் செய்விச்சதெண்டும் வரும். அந்தப் பாட்டு சனிக்கிழமப் போட்டிக்குக் குடுத்த பாட்டாம். அப்ப அவள் அங்க வருவாள்தானே."

அவன் போனை மேசையில் வைத்து அந்தத் துண்டைப் போட்டான். காற்றும் காகமும் இரைச்சலுமாக, தகரத்துக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு பெண்குரல். ஹிமாயா தன் குரலைத் தானே இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு பயத்துக்குள்ளும், நல்லாத்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே வெட்கமாகப் போனது.

"இன்னொருக்காப் போடுங்க," என்றார் வாப்பா.

போட்டான். கடைசியில் அந்த மூச்சு வந்தது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு மூச்சுப் புடிக்கத் தெரியும்," என்றார்.

ஹிமாயாவின் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. தெரிந்துவிட்டதா? தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? பாங்கு சொல்லிச் சொல்லியே பழகிய காது அது. ஊரில் எந்தப் பிள்ளை குர்ஆன் ஓதினாலும், எந்த வீட்டுப் பிள்ளையென்று தெருவில் நின்றே சொல்வார்.

மக்கீன் ஹாஜியாருக்கும் அதே நினைப்புத்தான் வந்திருக்க வேண்டும். "உங்கட காது மாதிரி இந்தக் கரையில இன்னொரு காது இல்ல. சனிக்கிழம நீங்க எங்களோட வாங்க. முன்வரிசையில இருந்து ஒவ்வொருத்தியும் பாடுறதக் கேளுங்க. ஆரெண்டு காட்டித் தாங்க. இல்லாட்டி..." அவர் தேத்தண்ணியை ஊதினார். "இல்லாட்டி சபையில எனக்குப் பதில் சொல்ல ஏலாமப் போகும் மோதினார். புதுசா ஒருத்தரப் பாக்கச் சொல்லுவாங்க. வீட்டயும் அவருக்குத்தான் குடுக்க வேண்டி வரும். விளங்குதா?"

"விளங்குது," என்றார் வாப்பா.

அவர்கள் போனபிறகு வாப்பா சோறு தின்றார். மீனை முள்ளெடுத்து உம்மாவின் பீங்கான் தட்டில் வைத்தார், வழக்கம்போல. ஹிமாயாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மற்ற நாளிலும் தின்னும்போது பார்க்கிறவரில்லைதான். ஆனால் அன்றைக்கு அவள் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணாத குறையாகப் பார்த்திருந்தாள்.

அடுத்தநாள் காலை குணம் போனில் அழைத்தான். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் சவுண்ட்செற் வாடகைக்கு விடுகிறவன், போட்டிக்கும் அவனுடைய செற்தான். றுக்ஸானா அவனிடம்தான் மைக்கை இரவல் வாங்கியிருந்தாள்.

"தங்கச்சி, பள்ளியில பாடின நீங்களா?"

"என்ன குணம் அண்ணன் விசர்க்கதை கதைக்கிறீங்க?"

"விசர்தான். ஒரே பெட்டியில ரெண்டு மைக் செற் வந்தது. ஒண்ட உங்கட பள்ளிக்கு வித்தன், மத்தத வாடகைக்கு வச்சன். ரெண்டும் ஒரே சனல், ஒண்டில பாடினா மத்ததிட பெட்டியிலயும் கேக்குமெண்டு நான் எங்க கண்ட? கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும்தானே குடுக்கிற. மைக்க பள்ளிச் செவரோட ஒட்டின வீட்டுக்குக் கொண்டுபோவீங்களெண்டு கனவா கண்டன்?"

"ஆருக்கும் சொன்னீங்களா?"

"சொல்லவா? சொன்னா முதல்ல என்ட கடையத்தான் உடைப்பாங்க. பாண்டிருப்பான் பள்ளிக்குள்ள பாட்டுப் போட்டுட்டான் எண்டு ஒரு கதை கிளம்பிச்செண்டா நான் எங்கால ஓடுற? கிழக்கால கடல்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் இரண்டு பேருக்கும் இன்னும் பயம் கூடிவிட்டது. அவன் சொன்னது பகிடியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்த ஊர்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கடை எரிந்திருக்கிறது.

"மைக்குட பெற்றரியக் கழட்டிப் போடுங்க தங்கச்சி," என்றுவிட்டு வைத்தான்.

ஹிமாயா றுக்ஸானாவுக்குப் போன் போட்டாள். "நான் வரல்ல. ஒன்பதாம் நம்பர வெட்டு."

"வெட்டினா நீ செத்தாய்," என்றாள் றுக்ஸானா. "முர்ஷித் நேத்து ஒபிசுக்கு வந்தவன். பேர்களத் தரச் சொன்னான், முடிவு சொல்லுமட்டும் தரேலாதெண்டு கலைச்சிட்டம். அப்ப என்ன சொல்லிட்டுப் போறான் தெரியுமா? எந்த நம்பர் விலகுதோ அந்த நம்பர்தான் கள்ளியாம். விலகினா பேரக் குடுக்கத்தானே வேணும், போட்டியில இல்லாத ஆளுக்கு என்ன ரகசியம் எண்டு கேக்கான். எங்கட குழுப் பெரியவரும் அதுக்குத் தலையாட்டிட்டார்."

"அப்ப?"

"வந்து பாடு. ஆனா உன்ட குரல்ல பாடாத."

வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஹிமாயா யோசித்தாள். பாடாவிட்டால் பிடிபடுவாள். பாடினாலும் பிடிபடுவாள். ஆளே கிடைக்காவிட்டால் வாப்பாவின் வேலை போகும், வீடும் போகும். அகப்பட்டால் மோதினாரின் மகளே பள்ளியில் பாடினாள் என்று அதே வேலை, அதே வீடு. ஒரு வயரில்லாத மைக்கை எப்படி வடிவாகப் பிடிப்பது என்று பார்க்கப் போய் வந்த வினை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் பாதியிலேயே பயமாக மாறியது. அன்றிலிருந்து தாழ்ந்த குரலில், மூக்கால் பாடிப் பழகினாள். அதையும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. கீபோர்ட்டைச் சீலையில் சுற்றிக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன்மார், வயலின் பெட்டியோடு பாண்டிருப்புப் பெட்டைகள், தம்பிலுவிலிலிருந்து வான் பிடித்து வந்த புல்லாங்குழல்காரப் பையன்கள், அவர்களுக்குத் தலைவாரி விடுகிற தாய்மார். ஒரு மிருதங்கக்காரச் சின்னவன் பயத்தில் வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய் நன்றாக வாசித்தான். நடுவர்களில் மூத்தவர் கதிர்காமத்தம்பி மாஸ்டர், தம்பிலுவில்காரர். நேரம் முடிந்தால் மேசை மணியை டிங்கென்று தட்டுவார். அந்த மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் நடுங்கினார்கள். ஹிமாயாவுக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பொறாமையாக இருந்தது. மணிக்கு மட்டும்தானே பயப்படுகிறார்கள்.

பெண்கள் பிரிவுக்குக் கலியாண மண்டபத்துச் சிவப்புச் சீலையை மேடைக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் கதிரைகளில் முகம் மூடியும் மூடாமலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் குணம் மிக்சருக்கு முன்னால் இருந்தான். இவளைக் கண்டதும் காணாதவன் மாதிரி வயரைச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டியிருந்த வயரையே அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

சீலை இரண்டும் பொருந்துகிற இடத்தில் ஒரு கீறல் இடைவெளி. ஹிமாயா அதில் கண்ணை வைத்தாள். முன்வரிசையில் மக்கீன் ஹாஜியார், முர்ஷித், நடுவில் வாப்பா. வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சேட். பெருநாளைக்குப் போடுகிற சேட். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஓதல் கேட்கிறவர் மாதிரி இருந்தார்.

ஒவ்வொரு நம்பராகப் பாடினார்கள். அதே வாய்க்கால், அதே வரம்பு. ஒவ்வொரு பாட்டும் முடிய முர்ஷித் குனிந்து கேட்பதும், வாப்பா தலையை ஆட்டி இல்லையென்பதும் தெரிந்தது.

எட்டாம் நம்பர் நஜ்லா. மருதமுனைக்காரி, தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை, இன்னும் ஏ.எல். பரீட்சை எழுதவில்லை. காலையிலிருந்து ஹிமாயாவின் பக்கத்தில் இருந்து, "ராத்தா, தண்ணி குடிச்சா குரல் அடைக்குமா? குடிக்காட்டியும் அடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள். எழுந்து போய்ப் பாடினாள். நல்ல உயர்ந்த குரல். இரண்டாம் அடியில் ஏறியபோது ஹிமாயா கதிரையின் நுனிக்கு வந்தாள். அந்த ஏற்றம் அவளுடையதைப் போலவே இருந்தது.

நஜ்லா திரும்பி வந்து கதிரையில் விழும்போது, சீலைக்கு அப்பால் முர்ஷித்தின் குரல் கேட்டது. அவன் போனைக் காதில் அமத்திக்கொண்டு நின்றான்.

"இதுதான்! ஹாஜியார், இதுதான். போன்ல கேட்டுப் பாருங்க."

"இது இல்ல," என்றார் வாப்பா.

"நீங்க ஸ்பீக்கருக்குக் கீழ நிண்டு நிண்டு காதப் பழுதாக்கி வச்சிரிக்கீங்க. இதுதான் எண்டு நான் சொல்றன்."

"மோதினார், யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மக்கீன் ஹாஜியார். "இவள் எண்டா இவள் எண்டு சொல்லுங்க. கதை முடியட்டும். நீங்களும் நிம்மதியா வேலையப் பாக்கலாம்."

வாப்பா கண்ணைத் திறந்து சீலையைப் பார்த்தார். ஹிமாயா கீறலிலிருந்து முகத்தை இழுத்தாள். ஒரு 'ஓம்' சொன்னால் போதும். வேலை இருக்கும். வீடு இருக்கும். உம்மாவின் அடுப்பு இருந்த இடத்திலேயே எரியும். ஹிமாயாவும் தப்பிவிடுவாள். சொல்லுங்களேன் வாப்பா என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. அதைக் கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஜ்லா அவள் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி மாதிரிக் கை. "ராத்தா, என்னயா சொல்றாங்க? நான் என்ன செஞ்ச? அந்தப் பள்ளிப் பாட்டு நானில்ல ராத்தா. நான் அந்த ஊருக்கே போனதில்ல. வாப்பாட காதில விழுந்தா என்னய ஸ்கூலால நிப்பாட்டிருவார்."

முர்ஷித் மேடைப் படிக்கு வந்துவிட்டான். றுக்ஸானா குறுக்கே நின்றாள்.

"எட்டாம் நம்பர் ஆரெண்டு தெரியோணும்."

"போட்டி முடியல்ல. இஞ்சால பொம்புளையள் இரிக்காங்க, நீங்க வரேலா."

"அப்ப முடியட்டும். வாசல்ல நிக்கிறன்."

"இலக்கம் ஒன்பது," என்றது அறிவிப்பு.

ஹிமாயா எழுந்தாள். மைக்கைக் குணம் நீட்டினான். அவளுக்கு ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. மூக்கால் பாடிவிட்டு வந்து உட்கார்ந்தால், வாசலில் நிற்கிறவன் நஜ்லாவைக் கொண்டுபோவான். அது வழியில்லை.

பாடினாள். தன் குரலிலேயே பாடினாள். வாய்க்காலைத் திறந்தாள். ஏறுகிற இடத்தில் ஏறினாள். முழு மூச்சையும் எடுத்து, சுருக்காமல், ஒளிக்காமல் இழுத்தாள். மண்டபத்தில் கதிரை இழுபடுகிற சத்தங்கள் நின்றன. சனம் பேச்சை விட்டது. இரண்டாம் கண்ணிக்கு வரும்போதுதான் பயம் வந்தது. சொல் மறந்துபோனது. முதல் கண்ணியையே திரும்பவும் பாடி ஒருமாதிரிச் சுற்றி வருவதற்குள் கதிர்காமத்தம்பி மாஸ்டரின் மணி டிங்கென்றது.

சீலைக்கு அப்பாலிருந்து வாப்பாவின் குரல், யாரும் கேட்காமலே வந்தது.

"இதுதான்."

முர்ஷித் வாசலிலிருந்து திரும்பி ஓடிவந்தான். "என்ன?"

"பள்ளியில கேட்ட குரல் இதுதான். முந்திப் பாடின புள்ள இல்ல. கேட்டதுக்குச் சொல்லிட்டன்."

"ஆர் இது?"

"திரைக்கு அங்கால இரிக்கிற அந்நியப் பொம்புளய, ஆர் எவரெண்டு நான் எட்டிப் பாக்கிறதா தம்பி? இந்தத் திரையக் கட்டச் சொன்ன நீங்கதானே."

பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்புப் பரவியது. முர்ஷித்தின் காது சிவந்தது. மக்கீன் ஹாஜியார் சிரிக்கவில்லை. "இரி முர்ஷித்," என்றார் அமைதியாக. "பரிசு சொல்லுறநேரம் தெரிய வரும்தானே. இப்படிப் பாடினவளுக்குப் பரிசு இல்லாமப் போகுமா?"

அந்த அமைதிதான் ஹிமாயாவுக்குக் குளிரை ஏற்றியது. நஜ்லா தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஹிமாயா துஆக் கேட்டாள். யா அல்லாஹ், என்னைத் தோற்கடி. ஒரு பரிசும் வேண்டாம். நான் சொல்லை மறந்தவள், தாளம் பிசகினவள், கட்டாயம் தோற்க வேண்டியவள். இப்படி ஒரு துஆவை எந்தப் போட்டிக்காரியும் கேட்டிருக்கமாட்டாள்.

முதலாமிடம் ஐந்தாம் நம்பர். சனம் கைதட்டியது. இரண்டாமிடம் எட்டு. நஜ்லா "எட்டா? நானா?" என்று அழுகையோடு சிரித்தாள். ஹிமாயாவின் மூச்சு இறங்கி வந்தது.

"மூன்றாமிடம், இலக்கம் ஒன்பது."

மூன்றாமிடம்! வீட்டை இழப்பதென்றால் முதலாமிடத்துக்காவது இழக்கக்கூடாதா?

"பெண் போட்டியாளர்களின் பரிசை, வழமைபோல அவர்களின் வாப்பாவோ அப்பாவோ, காக்காவோ அண்ணனோ மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம்," என்றது அறிவிப்பு. ஐந்தாம் நம்பரின் அண்ணன் வந்து வாங்கினான். எட்டாம் நம்பருக்கு ஒரு மாமா, சாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார். "இலக்கம் ஒன்பதுக்குரியவர் வரவும்."

றுக்ஸானா ஓடிவந்து அவள் காதில் சொன்னாள்: "பேசாம இரி. ஒருத்தரும் வராட்டி கப் ஒபிசுக்குப் போகும். நான் பிறகு களவாக் கொண்டுவந்து தாறன். பேர் வெளிய வராது. அசையாத."

ஹிமாயா தலையாட்டினாள். அசையாவிட்டால் போதும். எல்லாம் தப்பும். வாப்பா கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லிவிட்டார், ஆளும் தெரியவில்லை, சபை என்ன செய்யும்? ஒரு மாதம் புறுபுறுக்கும். பிறகு வேறு கதை வரும். கீறலில் கண்ணை வைத்தாள். முர்ஷித் எழுந்து நின்று மண்டபம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், எவன் எழும்புகிறானென்று.

"இலக்கம் ஒன்பதுக்குரியவர், இரண்டாம் தடவையாக..."

முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி எழுந்தது.

"மோதினார், பாங்குக்கு நேரமாயிட்டா?" என்றான் முர்ஷித், பின்வரிசையைப் பார்த்தபடியே.

"இல்ல தம்பி. என்ட புள்ளைக்கு ஒரு கப் விழுந்திரிக்காம். எடுத்துக் குடுத்திட்டு வாறன்."

முர்ஷித் திரும்பினான். மக்கீன் ஹாஜியார் வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார். ஹிமாயா கீறலுக்குள்ளால் பார்த்துக்கொண்டே, வராதீங்க வாப்பா, இரிங்க, இரிங்க என்று வாய்க்குள் சொன்னாள். அவர் வந்தார். கைப்பிடி இல்லாத படி. முழங்கால் நோவுக்காரர். ஒவ்வொரு படியிலும் கையைத் தொடையில் ஊன்றி ஏறினார். நடுவர் கொடுத்ததை வாங்கினார். கதிர்காமத்தம்பி மாஸ்டர் அவருடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னார். வாப்பா தலையாட்டினார். ஒருவன் பின்னால் கைதட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுவதைக் கண்டு நிறுத்திவிட்டான்.

நாளைக்கு உம்மாவின் பானைசட்டிகளை எங்கே கொண்டுபோய் இறக்குவது? இந்த ஊரில் யார் வாடகைக்குத் தருவான்? மஃரிபுக்கு யார் பாங்கு சொல்வது? ஹிமாயாவின் தலைக்குள் இவைதான் ஓடின. பெருமையாக ஒன்றும் ஓடவில்லை.

வாப்பா சீலையோரத்துக்கு வந்து நின்றார். சீலையை விலக்கவில்லை.

"ஹிமாயா."

"வாப்பா."

"ரெண்டாம் கண்ணியில என்ன நடந்த?"

"பயந்திட்டன் வாப்பா."

"நானுந்தான் மகள்," என்றார் அவர். சீலைக்கு அந்தப் பக்கத்தில், அவர் கையிலிருந்த கப்பின் மூடி கிலுகிலுவென்று ஆடுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.